மசோதாவாக இருக்கும்போதே பேச வேண்டும்

விதான சவுதாவில் நிறைவேறும் ஒரு சட்டம், பீனியாவிலோ பொம்மனஹள்ளியிலோ வேலை பார்க்கும் தமிழரின் வீட்டுக்கு எந்த வழியாக வந்து சேருகிறது? அரசிதழைப் படித்து அதைத் தெரிந்துகொள்பவர் ஆயிரத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு அது சம்பளச் சீட்டில் ஒரு பிடித்தமாக வருகிறது. பஸ் கண்டக்டர் கேட்கும் கூடுதல் சில்லறையாக வருகிறது. "இந்த மாதம் முதல் குப்பைக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்" என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று சொல்லும்போது வருகிறது. "இது எப்போது வந்தது?" என்று அப்போதுதான் கேட்கிறார்கள். அது வந்து பல மாதங்கள் ஆகியிருக்கும்.

சட்டம் ஆன பிறகு முணுமுணுத்துப் பயன் இல்லை. அது மசோதாவாக இருக்கும் காலம் என்று ஒன்று உண்டு. திருத்தம் கொண்டுவர உறுப்பினர்களுக்கு இடம் இருப்பதும், சங்கங்கள் மனுக் கொடுக்க முடிவதும் அந்தக் காலத்தில்தான். கர்நாடகத்தில் 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வரி, வேலை, போக்குவரத்து, உள்ளாட்சி என்று உழைப்பவரின் அன்றாட வாழ்வைத் தொடும் மசோதாக்கள் அடுத்தடுத்து வந்தன. அவற்றின்மீது இங்கு வாழும் தமிழர்களின் குரல் எந்த அளவுக்குக் கேட்டது என்று எண்ணிப் பார்த்தால், மகிழ்ச்சி அடைய ஒன்றும் இல்லை.

தொழில் வரியை எடுத்துக்கொள்வோம். மாதம் 25 ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் சம்பளம் வாங்குவோரிடம் 200 ரூபாய் பிடிக்கப்பட்டு வந்தது. ஆண்டுக்கு 2,400 ரூபாய். அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு, ஒருவரிடம் இந்த வரியை ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. (1988-ல் திருத்தப்படும் வரை இந்த உச்சவரம்பு 250 ரூபாய்தான்.) இடையில் 100 ரூபாய் மிச்சம் இருப்பது அரசின் கண்ணில் பட்டுவிட்டது. 2025-ல் சட்டத்தைத் திருத்தி, பிப்ரவரி மாதத்துக்கு மட்டும் 300 ரூபாய் என்று ஆக்கினார்கள். பிப்ரவரிச் சம்பளத்தில் 100 ரூபாய் குறைந்தால், கணக்கர் தவறு செய்துவிட்டார் என்று அவருடன் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

நூறு ரூபாய் பெரிய தொகை அல்ல. கவனிக்க வேண்டியது, அந்தப் பணம் போகும் இடம். தமிழ்நாட்டில் தொழில் வரியை மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளே அரையாண்டுக்கு ஒருமுறை வசூல் செய்கின்றன. கர்நாடகத்தில் அதை மாநில அரசின் வணிக வரித்துறை வசூலிக்கிறது. ஆகவே, ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவிடம் பிடிக்கப்படும் பணம், அவர் தெருச் சாக்கடையைத் தூர்வார வேண்டிய மாநகராட்சியின் கைக்கு நேரே வருவதில்லை. மாநகராட்சி சொத்து வரியையும் கட்டணங்களையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அந்தச் சொத்து வரியோடு சேர்த்துத்தான் 2025 ஏப்ரல் முதல் பெங்களூருவில் குப்பைக் கட்டணமும் வந்தது. குடியிருப்புக் கட்டிடங்களுக்குப் பரப்பளவைப் பார்த்து மாதம் 10 ரூபாயில் தொடங்கி 400 ரூபாய் வரை என்று அப்போது விகிதம் அறிவித்தார்கள். கட்டுபவர் கட்டிடத்தின் சொந்தக்காரர். ஆனால் ஒரே கட்டிடத்தில் பத்துக் குடித்தனங்கள் இருந்தால் என்ன நடக்கும் என்பது ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். குடித்தனத்துக்கு நூறு என்று கேட்டால், பத்துக் குடித்தனத்தில் ஆயிரம் ஆகிவிடும். கட்டிடம் எவ்வளவு பெரிதானாலும் அறிவித்த உச்சத் தொகை 400 ரூபாய்தான். "வரி ரசீதைக் காட்டுங்கள், பங்கிட்டுக் கொடுக்கிறோம்" என்று பணிவாகக் கேட்பதில் தவறே இல்லை.

பஸ் கட்டணம் என்றால் சட்டசபைக்கே வருவதில்லை. 2025 ஜனவரி 2-ந் தேதி மந்திரிசபை கூடி 15 சதவீத உயர்வுக்கு ஒப்புதல் அளித்தது. 5-ந் தேதி உயர்வு அமலுக்கு வந்துவிட்டது. இடையில் இருந்தது இரண்டு நாள். பிப்ரவரி 9-ந் தேதி மெட்ரோ ரெயிலின் உச்சக் கட்டணம் 60 ரூபாயில் இருந்து 90 ரூபாய் ஆயிற்று. அது மத்திய சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழுவின் வேலை என்று மாநிலமும், மாநிலம் கேட்டதால்தான் குழு வந்தது என்று மறுதரப்பும் சொல்லிக்கொண்டன. பயணிகள் கொதித்து எழுந்ததும், ஒரு வாரத்துக்குள் சில தூரங்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தார்கள். குரல் எழுப்பினால் குறைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தினமும் பஸ்சில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் அப்படி ஒரு குரல் எழுப்பவில்லை.

பஸ் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 ஜூன் 11-ந் தேதி தொடங்கிய 'சக்தி' திட்டத்தில் பெண்கள் அரசு சாதாரண பஸ்களில் இலவசமாகப் போகலாம். நல்ல திட்டம். ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்று விதி வைத்தார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி முகவரியுடன் கூடிய ஆதார் அட்டையை வைத்துக்கொண்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண், பக்கத்து இருக்கைப் பெண் சும்மா போகும்போது காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறார். தமிழ்நாட்டு நகரப் பஸ்களில் பெண்களுக்கு 2021-ல் இலவசப் பயணம் கொடுத்தபோது ஊர், முகவரி கேட்கவில்லை. கர்நாடக அரசின் பணம், அதன் விதி, அதைக் குறை சொல்ல முடியாது என்பது ஒரு வாதம். இங்கேயே குடியிருந்து, இங்கேயே வேலை செய்து, கடையில் வாங்கும் ஒவ்வொரு சோப்புக்கும் இங்கேயே வரி கொடுப்பவர் அவர் என்பது மற்றொரு வாதம். வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டையையோ வாடகை ஒப்பந்தத்தையோ ஏற்றுக்கொண்டால் விதியும் கெடாது, அந்தப் பெண்ணுக்கும் மாதத்தில் கணிசமான காசு மிச்சமாகும். அதுவரை, இங்கே நிலையாகத் தங்கிவிட்டவர்கள் ஆதார் முகவரியை மாற்றிக்கொள்வதே வழி.

புதிய வண்டிகளைப் பதிவு செய்யும்போது இருசக்கர வண்டிக்கு 500 ரூபாய், காருக்கு 1,000 ரூபாய் என்று கூடுதல் தீர்வை விதிக்கும் மசோதா 2024 டிசம்பரில் பெலகாவி கூட்டத்தொடரில் நிறைவேறியது. போக்குவரத்துத் தொழிலாளர் நல நிதிக்காக என்பதால் அதைக் குற்றம் சொல்வதற்கு இல்லை.

இனி, எல்லாவற்றிலும் பெரிய விஷயத்துக்கு வரவேண்டும். 2024 ஜூலை 15-ந் தேதி கர்நாடக மந்திரிசபை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. தனியார் தொழிற்சாலைகளிலும் நிறுவனங்களிலும் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதமும், மற்ற வேலைகளில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கே கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். உள்ளூர்க்காரர் யார்? கர்நாடகத்தில் பிறந்து, 15 ஆண்டுகள் இங்கே வசித்து, கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்தவர். பள்ளியிறுதிச் சான்றிதழில் கன்னடம் ஒரு மொழியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கன்னடத் தேர்வு எழுதித் தேற வேண்டும்.

பெரிய கம்பெனி முதலாளிகளும், மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமும் உடனே எதிர்த்தன. 17-ந் தேதியே மசோதாவைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதாக முதல்-மந்திரி சித்தராமையாவின் அலுவலகம் அறிவித்தது. வாபஸ் என்று சொல்லவில்லை. மறுபரிசீலனை செய்வோம் என்றார்கள். முதலாளிகளின் குரல் விதான சவுதாவுக்குப் போய்ச் சேர இரண்டு நாள் போதுமானதாக இருந்தது. அந்த 70 சதவீதக் கணக்கில் வேலை போகக்கூடியவர் அந்த இரண்டு நாளில் அதைப் படித்திருக்கவே மாட்டார்.

இதைக் கேட்டுக் கன்னடர்கள்மீது கோபப்படுவது நியாயம் ஆகாது. இந்த மண்ணின் தொழிற்சாலைகளில் இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்பது அவர்களின் நெடுநாளைய கோரிக்கை. 1980-களில் சரோஜினி மகிஷி தலைமையில் அமைந்த குழு இதைத்தான் சொல்லியிருந்தது. தமிழ்நாட்டில் 2021 தேர்தலின்போது தி.மு.க. தன் அறிக்கையில், அங்குள்ள தொழிற்சாலைகளில் 75 சதவீத வேலை தமிழர்களுக்கு என்று வாக்குறுதி கொடுத்தது. ஓசூரில் அது நியாயம், அத்திப்பள்ளியைத் தாண்டினால் அநியாயம் என்று வாதாட முடியாது. அதே சமயம், அரியானா மாநிலம் இதேபோல் 75 சதவீத ஒதுக்கீட்டுக்குச் செய்த சட்டத்தை பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டு 2023 நவம்பரில் ரத்து செய்தது என்பதையும் மறந்துவிடக்கூடாது. நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியேறவும் தொழில் செய்யவும் அரசியல் சட்டம் கொடுத்த உரிமையை ஒரு மாநிலச் சட்டம் சுருக்கிவிட முடியுமா என்ற கேள்வி கோர்ட்டில் நிற்கக்கூடிய கேள்வி.

ஆனால் கோர்ட்டை நம்பிக்கொண்டு சும்மா இருப்பவர்கள், அந்த மசோதாவின் இலக்கணத்தை ஒருமுறை தங்கள் வீட்டோடு பொருத்திப் பார்க்கட்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே கன்னடத்தை ஒரு பாடமாகப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறிய தமிழ்ப் பையன் அதன்படி உள்ளூர்க்காரன்தான். அவனுக்கு ஆபத்து இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் வேலூரில் இருந்து வந்து லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அவன் தந்தை, இங்கே பிறக்காதவர். அவர் கன்னடம் சரளமாகப் பேசுவார். எழுதச் சொன்னால் எழுத மாட்டார். இந்த இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஒருவர் இருக்கிறார். பெங்களூருவில் பிறந்து, செலவு கட்டுப்படியாகாமல் ஏழாம் வகுப்புக்குப் பிறகு பாட்டி வீட்டில் விட்டுத் திருவண்ணாமலையில் படிக்கவைத்து, பதினெட்டு வயதில் வேலைக்காகத் திரும்ப அழைத்துக்கொண்ட பிள்ளை. பிறந்த இடம் சரியாக இருக்கும். சான்றிதழில் கன்னடம் இருக்காது. ஊரில் படித்த ஆண்டுகள் போக, 15 ஆண்டுக் கணக்கிலும் துண்டு விழும். பிள்ளைகளை ஊரில் விட்டுப் படிக்கவைக்கும் குடும்பங்கள் இதை இப்போதே யோசித்து முடிவு செய்வது நல்லது.

இங்கே பள்ளிக்கூட விஷயமும் வேலை விஷயமும் ஒன்றாகிவிடுகின்றன. 2015-ல் வந்த கன்னட மொழி கற்றல் சட்டப்படி, எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ படிப்படியாகக் கட்டாயம் ஆக்கப்பட்டது. அதை எதிர்ப்பதில் பிள்ளைகளுக்கு லாபம் இல்லை. தமிழ் என்ன ஆவது என்பதுதான் கேள்வி. மாநிலக் கல்விக் கொள்கைக்காக சுகதேவ் தோரட் தலைமையில் அமைந்த குழு 2025 ஆகஸ்டில் தன் அறிக்கையைக் கொடுத்தது. குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை கன்னடம் அல்லது தாய்மொழியில் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும், இரண்டு மொழிகள் போதும் என்பவை அதன் பரிந்துரைகள். 'அல்லது தாய்மொழி' என்ற அந்த இரண்டு சொற்களைத் தமிழர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்து தரவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவும் மாநிலங்களுக்குச் சொல்கிறது. 

ஆனால் கேட்க ஆள் வேண்டுமே! பிள்ளை இல்லாத பள்ளிக்கு ஆசிரியரை நியமிக்க எந்த அரசும் முன்வராது. பெற்றோர் ஆங்கில வழியைத் தேடிப் போகிறார்கள். அதைத் தவறு என்று சொல்லவும் வயிறு விடாது. குறைந்தபட்சம் ஒரு மொழிப்பாடமாகத் தமிழைக் கேட்டு வாங்கலாம். பத்துப் பெற்றோர் கையெழுத்திட்ட மனு தலைமை ஆசிரியரிடம் போனால்தான், தமிழாசிரியர் வேண்டும் என்ற கோரிக்கை கல்வி அதிகாரியின் மேசைக்குப் போகும்.

மனுவை எழுதித் தர, அதிகாரியிடம் அழைத்துப்போக, முன்பெல்லாம் வார்டு கவுன்சிலர் இருந்தார். பெங்களூரு மாநகராட்சிக்கு 2015 ஆகஸ்டில் தேர்தல் நடந்து, 198 கவுன்சிலர்கள் வந்தார்கள். அவர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10-ந் தேதி முடிந்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் கடந்தும் கவுன்சிலர் இல்லாமல், அதிகாரிகளின் ஆட்சியே நடந்தது. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. வார்டுகளை 243 ஆக்கப் போகிறோம் என்றார்கள், பிறகு 225 என்றார்கள், வழக்குகள் வந்தன, கட்சிகள் ஆட்சி மாறின. தேர்தல் மட்டும் வரவில்லை. 

இந்த நிலையில்தான் 'பெரிய பெங்களூரு' மசோதா 2024 ஜூலையில் சட்டசபைக்கு வந்தது. நகரத்தைப் பல மாநகராட்சிகளாகப் பிரித்து, அவற்றின் தலைக்கு மேல் முதல்-மந்திரி தலைமையில் ஓர் ஆணையம் அமைப்பது அதன் நோக்கம். சிவாஜிநகர் எம்.எல்.ஏ. ரிஸ்வான் அர்ஷத் தலைமையில் இரு சபை உறுப்பினர்கள் கொண்ட குழு அதை ஆராய்ந்தது. 2025 மார்ச்சில் இரு சபைகளிலும் நிறைவேறியது. கவர்னர் ஒருமுறை திருப்பி அனுப்பி, ஏப்ரலில் ஒப்புதல் தந்தார். செப்டம்பர் 2-ந் தேதி பழைய மாநகராட்சி மறைந்து, மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று ஐந்து மாநகராட்சிகள் பிறந்தன. ஐந்துக்கும் சேர்த்து 369 வார்டுகள் வகுத்தார்கள். நகரசபையும் கண்டோன்மெண்டும் தனித்தனியாக இருந்ததை 1949-ல் ஒன்றாக்கினார்கள், 2007-ல் சுற்றிலும் இருந்த 7 நகரசபைகளையும் ஒரு பேரூரையும் 110 கிராமங்களையும் சேர்த்துப் பெரிதாக்கினார்கள், 2025-ல் ஐந்தாக்கினார்கள். பெங்களூருவைச் சேர்ப்பதும் பிரிப்பதும் புதிது அல்ல.

வார்டு சிறிதாவது நல்லதே. கவுன்சிலர் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பார். ஆனால் மேயருக்கு மேலே ஆணையம், அதற்குத் தலைவர் முதல்-மந்திரி என்றால், கவுன்சிலரின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்ற சந்தேகம் எழாமல் இல்லை. உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரவேண்டும் என்று 1992-ல் செய்த 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் எண்ணத்துக்கு இது ஒத்துவரவில்லை என்று நகர நலனில் அக்கறை உள்ளவர்கள் எடுத்துச் சொன்னதும் சரியே. ஜூலையில் இருந்து மார்ச் வரை எட்டு மாதம் அந்த மசோதா நிலுவையில் இருந்தது. அல்சூரிலும் விவேக்நகரிலும் உள்ள தமிழ் மன்றங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தியது போல, அதற்கென்று ஒரு மாலை கூடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! கன்னடம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இப்போது ஒவ்வொரு தமிழர் வீட்டிலும் இருக்கிறார்கள். மசோதாவை வாசித்துச் சொல்ல அவர்களால் முடியும்.

கூட்டம் போட்டாலும், ஓட்டு இல்லாதவரின் மனுவுக்குக் கிடைக்கும் மரியாதை அனைவருக்கும் தெரிந்தது. பெங்களூருவில் பல ஆண்டுகளாக இருந்தும், "ஊரில் ஒரு ஓட்டு இருக்கட்டும்" என்று பெயரை அங்கேயே விட்டுவைத்தவர்கள் ஏராளம். அந்த ஓட்டும் இனி நிச்சயம் இல்லை. தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தியபோது, 2025 டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டன. இடம் மாறிப் போனவர்கள் அதில் பெரும்பகுதி. இரண்டு ஊரிலும் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டம் ஒருவருக்கு ஓர் இடம்தான் தருகிறது. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடம் உண்டு. சாதாரணமாகக் குடியிருக்கும் இடத்தில் பெயர் இருக்க வேண்டும் என்பதே விதி. முகவரி மாறியவர்களுக்கு 8-ம் எண் படிவம் இருக்கிறது. புதிதாகச் சேருபவர்களுக்கு 6-ம் எண் படிவம். சொந்த வீடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வாடகை வீட்டில் இருப்பவரும் வாக்காளர்தான்.

கர்நாடக அரசும் தன் பங்கைச் செய்ய வேண்டும். இணையத்தின் வழியாக உணவும் பொருளும் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளர்களுக்கான நல மசோதாவின் வரைவை 2024 ஜூன் இறுதியிலேயே வெளியிட்டு, பலரிடமும் கருத்துக் கேட்டு, 2025-ல் சட்டம் ஆக்கியது இதே அரசு. கம்பெனிகள் ஒவ்வொரு வேலைக்கும் தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அந்த வேலையில் இருக்கும் தமிழ் இளைஞர்கள் நல வாரியத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வரைவுக்குக் காட்டிய பொறுமையை மற்ற மசோதாக்களுக்கும் காட்டக்கூடாதா? எளிய நடையில் இரண்டு பக்கச் சுருக்கமும், கருத்துச் சொல்ல ஒரு மாதமும் கொடுத்தால் ஆட்சி கவிழ்ந்துவிடாது. வார்டு கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால், ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும்.

நிறுத்தி வைத்த வேலைவாய்ப்பு மசோதாவை மீண்டும் எடுப்பதானால், சட்டசபைக்குக் கொண்டுபோகும் முன்பே தெளிவாக்க வேண்டியவை உண்டு. ஏற்கனவே வேலையில் இருப்பவர்களை அது தொடுமா? இங்கே பிறக்காமல், 15 ஆண்டுக்கு மேல் இங்கேயே உழைத்தவருக்கு இடம் உண்டா? அந்த ஆண்டுகளுக்கு எதைச் சான்றாக ஏற்பார்கள்: பி.எப். கணக்கா, இ.எஸ்.ஐ. அட்டையா, ரேஷன் அட்டையா? கன்னடத் தேர்வை ஆலைத் தொழிலாளிக்கும் கல்லூரியில் படித்தவருக்கும் ஒரே வினாத்தாளாக வைப்பார்களா, அல்லது பேசிக் காட்டினால் போதுமா? தேர்வுக்குத் தயார் செய்ய மாலை வகுப்பு யார் நடத்துவார்கள்? இவற்றுக்கான விடைகள் மசோதாவின் வாசகத்திலேயே இருக்க வேண்டும். பின்னால் விதிகளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக்கூடாது.